நடிகர் நின்றால் அலையும் நிற்கும்: மேடையில் மோஷன் ட்ராக்கிங்கும் ப்ரொஜெக்‌ஷனும்

நாடக மேடையில் வீடியோ காட்டுவது இன்று பெரிய விஷயமில்லை. பின்னால் ஒரு வெள்ளைத் திரை, ஒரு ப்ரொஜெக்டர், ஒரு லேப்டாப் இருந்தால் காடும் வரும், கடலும் வரும். அந்தக் கடலோடு நடிகருக்கு ஏதாவது கொடுக்கல் வாங்கல் இருந்தால்தான் சிக்கல். அலை வந்து காலைத் தொட வேண்டும், அவர் துள்ளிப் பின்வாங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அலை ஏற்கெனவே பதிவு செய்த வீடியோ. 12ஆவது நொடியில் வரும் என்றால் 12ஆவது நொடியில்தான் வரும். அன்றைக்கு நடிகர் வசனத்தை நிதானமாகப் பேசியிருக்கலாம். ஒரு நகைச்சுவைக்குக் கூட்டம் வழக்கத்தைவிட அதிகமாகச் சிரித்திருக்கலாம். அலைக்கு அதெல்லாம் தெரியாது. நடிகர்தான் அதன் பின்னால் ஓட வேண்டும்.

இதைத் தலைகீழாக்குவதுதான் மோஷன் ட்ராக்கிங். நடிகர் எங்கே நிற்கிறார், எந்தப் பக்கம் கையை வீசுகிறார் என்பதை ஒரு கணினி விடாமல் கவனிக்கிறது. அதற்கேற்ற படத்தை அப்போதைக்கப்போது வரைந்து ப்ரொஜெக்டருக்கு அனுப்புகிறது. நடிகர் நின்றால் அலையும் நிற்கிறது. யார் யாருக்காகக் காத்திருப்பது என்ற இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால், கருவிகளின் பெயர்களைக் கண்டு மிரள வேண்டியதில்லை.

மேடைக்குப் படத்தைக் கொண்டுவரும் ஆசை பழையது. 1862இல் லண்டனில் ஜான் ஹென்றி பெப்பர் சாய்வாக நிறுத்திய பெரிய கண்ணாடியில் பிம்பம் விழச்செய்து மேடையில் பேயை உலவவிட்டார். 1920களில் ஜெர்மன் இயக்குநர் எர்வின் பிஸ்காட்டர் பெர்லின் நாடகங்களுக்குள் சினிமாவைப் புகுத்தினார். 1958இல் பிரஸ்ஸல்ஸ் உலகக் கண்காட்சியில் செக் நாட்டு ஆல்ஃபிரட் ராடோக்கும் யோசெஃப் ஸ்வோபோதாவும் ‘லாட்டர்னா மாகிகா’ என்ற நிகழ்ச்சியைக் காட்டினார்கள். திரையில் ஓடும் படத்தோடு மேடையில் இருப்பவர்கள் ஆடியும் பேசியும் உறவாடும் நிகழ்ச்சி அது. படம் ஃபிலிம் சுருளில் இருந்ததால், மனிதர்கள்தான் அதன் நேரத்துக்கு இம்மி பிசகாமல் நடக்க வேண்டியிருந்தது.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். 1999இல் மெர்ஸ் கன்னிங்ஹாம் அமைத்த ‘பைப்பெட்’ நடனத்தில், பால் கைசரும் ஷெல்லி எஷ்காரும் நடனக் கலைஞர்களின் அசைவுகளை மோஷன் கேப்சரில் பதிவு செய்து, கோட்டோவியங்களாக மாற்றி, மேடைக்கு முன்னால் தொங்கிய மெல்லிய துணியில் ஓட்டினார்கள். பிரமாதமான வேலை. ஆனால் அசைவைப் பிடித்தது முன்கூட்டியே. மேடையில் ஓடியது பதிவு. நாம் இங்கே பேசுவது அசைவைப் பிடிப்பதும் படம் வரைவதும் காட்சி நடக்கும்போதே நிகழ்கிற வகையைப் பற்றி.

முதலில் வெளிச்சக் கணக்கு

ட்ராக்கிங்கில் ஆசை வைத்து இறங்குகிறவர்கள் பலர் முதலில் தடுக்கி விழுவது ப்ரொஜெக்டரில்தான். ப்ரொஜெக்டரால் கறுப்பு நிறத்தைக் காட்ட முடியாது. வெளிச்சம் போடாமல் விடுவதுதான் அதன் கறுப்பு. அதனால் திரையில் வேறு ஒளி விழுந்துகொண்டிருந்தால், நள்ளிரவுக் காட்சி சாம்பல் பூத்துப்போகும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 5,000 லுமென் ப்ரொஜெக்டர். லுமென் என்பது அது வெளியிடும் மொத்த ஒளியின் அளவு. படம் 6 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரம். பரப்பு 24 சதுர மீட்டர். 5,000ஐ 24ஆல் வகுத்தால் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 208 லுமென், அதாவது 208 லக்ஸ். டியூப் லைட் எரியும் வீட்டு அறையின் வெளிச்சம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். முகபாவம் கடைசி வரிசை வரை தெரிய நடிகர் மேல் போடும் விளக்கு இதைப்போல் பல மடங்கு. அதில் கொஞ்சம் சிதறித் திரையில் பட்டாலே போதும், படம் வெளிறிவிடும்.

இதற்குப் பெரிய ப்ரொஜெக்டர் வாங்குவது ஒரு வழி, பணம் இருந்தால். மலிவான வழி, லைட்டிங் போடுபவரோடு முதல் நாளே உட்கார்ந்து பேசுவது. நேர் முன்னாலிருந்து அடிக்கும் விளக்கைக் குறைத்து விங்ஸிலிருந்து பக்கவாட்டில் போடலாம். திரையை ஒட்டி நடிக்காமல் இரண்டு, மூன்று மீட்டர் முன்னால் வந்து நடிக்கச் சொல்லலாம். அப்போது நடிகர் மேல் படும் ஒளி திரைக்குப் போகாது. வீடியோக்காரரும் லைட்காரரும் தனித்தனியாக வேலை செய்து, கடைசி ஒத்திகையில் முதன்முறையாகச் சந்தித்துக்கொள்ளும் நாடகங்கள் எப்படி இருக்கும் என்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தூரமும் முக்கியம். ப்ரொஜெக்டரின் த்ரோ ரேஷியோ 1.5 என்றால், 6 மீட்டர் அகலப் படத்துக்கு அது 9 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். முன்னாலிருந்து போட்டால் நடிகரின் நிழல் திரையில் விழும். பின்னாலிருந்து போடலாம் என்றால், திரைக்குப் பின்னால் 9 மீட்டர் இடமுள்ள அரங்கம் எத்தனை கிடைக்கும்? அதனால்தான் பலர் உயரத்தில் தொங்கவிட்டுச் சாய்வாகக் கீழே அடிக்கிறார்கள், அல்லது குறைந்த தூரத்தில் விரியும் ஷார்ட் த்ரோ லென்ஸுக்குப் போகிறார்கள். சாய்வாக அடிப்பதால் கோணும் படத்தை மென்பொருளில் இழுத்து நேராக்கிக்கொள்ளலாம். தூண், படிக்கட்டு, கதவு என்று செட்டின் வடிவத்துக்கேற்பப் படத்தை வெட்டி ஒட்டுவதைத்தான் ப்ரொஜெக்‌ஷன் மேப்பிங் என்கிறார்கள்.

திரை என்றால் வெள்ளைத் துணி மட்டுமில்லை. நாடகக்காரர்களுக்கு மிகவும் பிடித்தது சல்லாத்துணி. முன்னாலிருந்து ஒளி பட்டால் சுவர்போல நின்று படத்தை வாங்கிக்கொள்ளும். முன்விளக்கை அணைத்து, துணிக்குப் பின்னால் நிற்பவர் மேல் ஒளி போட்டால் துணியே கண்ணுக்குத் தெரியாது. இரண்டையும் அளவாகக் கலந்தால் நடிகருக்கு முன்னால் படம் காற்றில் மிதக்கும். மேடையில் ‘ஹோலோகிராம்’ என்று விளம்பரப்படுத்தப்படுவதில் பெரும்பகுதி இந்தத் துணி வித்தைதான்.

கேமரா எதைப் பார்க்கிறது?

ட்ராக்கிங்கைப் புரிந்துகொள்ள எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் ‘க்ளோ’. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து ‘சங்கி மூவ்’ நடனக் குழு 2006இல் அரங்கேற்றியது. நடன அமைப்பு கிடியன் ஓபர்சானெக்; மென்பொருள் ஜெர்மன் பொறியாளர் ஃப்ரீடர் வைஸ். ஒரே ஒரு நடனக் கலைஞர், வெள்ளைத் தரை, அரை மணி நேரத்துக்கும் குறைவான நிகழ்ச்சி. அவர் தரையில் புரண்டால் உடலைச் சுற்றி ஒளிக்கோடு புரள்கிறது. கையை நீட்டினால் கோடுகள் விரிகின்றன. முன்பே தயாரித்த வீடியோ எதுவும் ஓடவில்லை. எல்லாமே அசைவைப் பார்த்து அங்கேயே கணினி வரைந்தவை.

மேலிருந்து ஒரு கேமரா பார்க்கிறது, மேலிருந்தே ப்ரொஜெக்டர் ஒளியைப் போடுகிறது. இதில் ஒரு பொறி இருக்கிறது. கலைஞரைச் சுற்றி ஒரு வெள்ளை வட்டம் போடுகிறோம். சாதாரண கேமரா அந்த வட்டத்தையும் சேர்த்துப் பார்த்து, ‘ஆள் பெரிதாகிவிட்டார்’ என்று நினைத்துக்கொள்ளும். உடனே இன்னும் பெரிய வட்டம் வரையும். அதையும் பார்க்கும். சில நொடிகளில் தரை முழுக்க வெள்ளை.

இதிலிருந்து தப்பிக்க இன்ஃப்ராரெட் உதவுகிறது. மனிதக் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒளியைத் தனி விளக்குகளால் மேடையில் நிரப்புகிறார்கள். கேமராவின் முன்னால் கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து, இன்ஃப்ராரெட்டை மட்டும் விடும் வடிகட்டி. ப்ரொஜெக்டர் போடும் படத்தில் இன்ஃப்ராரெட் மிகக் குறைவு. ஆகவே கேமராவுக்குப் படமே தெரியாது, உடல் மட்டும் தெரியும். அரங்கம் கும்மிருட்டாக இருந்தாலும் கேமராவுக்குப் பட்டப்பகல்தான்.

அதற்குப் பிறகு நடப்பது எளிய கழித்தல் கணக்கு. மேடை காலியாக இருக்கும்போது கணினி ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்கிறது. பிறகு வரும் ஒவ்வொரு படத்திலிருந்தும் அதைக் கழிக்கிறது. மாறாத தரை பூஜ்ஜியமாகிவிடும். மாறிய இடம், அதாவது உடல், ஒரு வெள்ளைத் திட்டாக மிஞ்சும். அந்தத் திட்டின் விளிம்பு, நடுப்புள்ளி, போன படத்துக்கும் இந்தப் படத்துக்கும் இடையே அது நகர்ந்த தூரம் ஆகிய மூன்றும் கையில் கிடைத்தால் ஒரு டிசைனர் ஏகப்பட்ட வேலை செய்யலாம்.

ஒரு வேலை பாக்கி. கேமரா பார்க்கும் மேடையும் ப்ரொஜெக்டர் பார்க்கும் மேடையும் வேறு வேறு கோணங்கள். கேமரா ‘இடது மூலையிலிருந்து 400ஆவது புள்ளியில் ஆள்’ என்றால், அது ப்ரொஜெக்டரின் எந்தப் புள்ளி? ப்ரொஜெக்டரிலிருந்து தரையில் நான்கு புள்ளிகளைப் போட்டு, ஒவ்வொன்றும் கேமராப் படத்தில் எங்கே தெரிகிறது என்று கணினிக்குக் காட்டிக்கொடுக்க வேண்டும். தட்டையான தரைக்கு நான்கு புள்ளி போதும். வடிகட்டி இருந்தால் கேமராவுக்கு இந்தப் புள்ளிகள் தெரியாது என்பதால், அதைக் கழற்றி வைத்து இதைச் செய்துவிட்டு, பிறகு மாட்டுவார்கள். இதற்குப் பெயர் கேலிபரேஷன். ஏணியை நகர்த்தும்போது யாராவது கேமராவை இடித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து.

0.1 நொடியில் 30 சென்டிமீட்டர்

கணினி எவ்வளவு வேகமானாலும் அசைவுக்கும் படத்துக்கும் நடுவே ஒரு தாமதம் உண்டு. நொடிக்கு 60 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கு ஏறக்குறைய 17 மில்லி நொடி. எடுத்த படம் கணினிக்குப் போக வேண்டும், அங்கே கழித்தல் நடக்க வேண்டும், புதுப் படம் வரைய வேண்டும், ப்ரொஜெக்டரும் தன் பங்குக்கு ஒன்றிரண்டு படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டுதான் காட்டும். எல்லாம் சேர்ந்து 100 மில்லி நொடி ஆவது சர்வ சாதாரணம்.

பத்தில் ஒரு பங்கு நொடிதானே என்று தோன்றும். சாதாரணமாக நடக்கிறவர் நொடிக்கு 1.4 மீட்டர் போகிறார். அந்த 0.1 நொடிக்குள் அவர் 14 சென்டிமீட்டர் தள்ளிப் போயிருப்பார். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் கையை வீசினால் 30 சென்டிமீட்டர். கையில் நெருப்புப் பந்து ஒட்டியிருப்பதுபோல் காட்ட வேண்டிய இடத்தில், கை ஒரு பக்கமும் பந்து ஒரு பக்கமுமாக, டப்பிங் தப்பிய படத்தில் உதடும் குரலும் பிரிந்து நிற்பதுபோல இருக்கும்.

படம் நடுங்குகிறது என்று மென்பொருளில் ஸ்மூத்திங்கைக் கூட்டினால் தாமதம் இன்னும் ஏறும், ஏனென்றால் போன சில படங்களின் சராசரியைத்தான் அது எடுக்கிறது. ‘இந்த வேகத்தில் போனால் அடுத்து இங்கே இருப்பார்’ என்று ஊகித்து வரையலாம். ஆனால் ஆள் சட்டென்று திரும்பினால் ஊகம் தப்பும். நல்ல டிசைனர்கள் இந்த இடத்தில் பொறியியலை விட்டுவிட்டுக் கற்பனைக்குப் போகிறார்கள். இயல்பாகவே பின்தங்கி வருகிற பொருளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புகை, தூசி, நீர்வளையம், காலடியில் நசுங்கி மெதுவாக எழும் புல். புகை கைக்குப் பின்னால் வந்தால் யாரும் குறை சொல்வதில்லை, புகை அப்படித்தான் வரும். கையில் ஒட்டிய பந்து வேண்டும் என்று அடம்பிடிக்கும் இயக்குநரிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பது வீடியோ டிசைனரின் வேலையில் பாதி.

ஏரியலின் உடை

கேமரா இல்லாமலும் ட்ராக்கிங் செய்யலாம். 2016இல், ஷேக்ஸ்பியர் இறந்து 400 ஆண்டு ஆனபோது, ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி ஸ்ட்ராட்ஃபோர்டில் ‘தி டெம்பெஸ்ட்’ நாடகத்தைப் போட்டது. இயக்குநர் கிரகரி டோரன். இன்டெல் நிறுவனமும், நடிகர் ஆண்டி செர்கிஸ் இணைந்து தொடங்கிய ‘தி இமாஜினேரியம்’ ஸ்டூடியோவும் கூட்டு. நாடகத்தில் வரும் ஏரியல் ஒரு காற்று ஆவி. நெருப்பாகக் கப்பலில் ஓடும், கடற்கன்னியாக மாறும், சிறகு விரித்த பிசாசாக வந்து பயமுறுத்தும். ஷேக்ஸ்பியர் காலத்து அரசவைகளில் ‘மாஸ்க்’ என்ற ஆடம்பர நிகழ்ச்சிகளுக்கு அன்றைய உச்சகட்ட மேடை இயந்திரங்களைப் பயன்படுத்தினார்கள். இன்றைக்கு அதற்கு ஈடு என்ன என்பது டோரன் எழுப்பிய கேள்வி.

ஏரியலாக நடித்த மார்க் குவார்ட்லியின் உடைக்குள்ளேயே சென்சார்களைத் தைத்து மறைத்தார்கள். இவ்வகை உடையில் ஒவ்வொரு சென்சாருக்குள்ளும் முடுக்கத்தையும் சுழற்சியையும் அளக்கும் சில்லுகள் இருக்கும். நம் கைபேசியைத் திருப்பினால் திரையும் திரும்புகிறதே, அதே வகைச் சில்லு. முழங்கை எவ்வளவு மடங்கியது, இடுப்பு எவ்வளவு திரும்பியது என்பதெல்லாம் வயர்லெஸ்ஸில் கணினிக்குப் போகிறது. அங்கே விளையாட்டு உருவாக்கப் பயன்படும் அன்ரியல் எஞ்சின் ஏரியலின் உருவத்தை அந்த அசைவோடு வரைந்து, மேடையில் தொங்கும் துணிகளில் விழச்செய்தது. ஏரியலை ஏவும் மந்திரவாதி ப்ராஸ்பெரோவாக நடித்தவர் சைமன் ரஸ்ஸல் பீல்.

கேமராவை விட்டு உடைக்குப் போனதற்குக் காரணம் உண்டு. ஒரு நடிகர் இன்னொருவருக்குப் பின்னால் போனால் கேமரா அவரை இழந்துவிடும், உடை இழக்காது. உடையின் பலவீனம் வேறு. கை கால் கோணங்களைத் துல்லியமாகச் சொல்லும் அது, ஆள் மேடையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதில் நேரம் போகப்போகச் சிறுகச் சிறுகத் தவறும். சென்சாருக்குள் காந்தப்புலம் பார்க்கும் பகுதி இருந்தால், இரும்புச் சட்டங்கள் நிறைந்த செட் அதையும் குழப்பும்.

இந்த முறையில் எனக்கு ஒரு தயக்கம் உண்டு. உருவம் மேலே துணியில் பறக்கிறது, அதை ஆட்டிவைக்கும் மனிதர் கீழே நிற்கிறார். பார்வையாளர் யாரைப் பார்ப்பது? மனிதரைப் பார்த்தால் இவ்வளவு செலவு செய்த படம் வீண். படத்தைப் பார்த்தால் முன்கூட்டியே பதிவு செய்திருந்தாலும் வித்தியாசம் தெரியாது. அந்த நாடகத்திலும் ஏரியலை எப்போதும் டிஜிட்டல் உருவமாகக் காட்டாமல், உருமாறும் கட்டங்களுக்கு என்று வைத்துக்கொண்டார்கள். அது சரியான முடிவு.

வேறு கருவிகளும் உண்டு. உடையில் பொருத்திய சின்ன இன்ஃப்ராரெட் எல்இடிகளைப் பல கேமராக்கள் பார்த்து இடத்தைச் சொல்லும் பிளாக்ட்ராக்ஸ் போன்றவை பெரிய நிகழ்ச்சிகளில் பயன்படுகின்றன. விளக்குகள் தானாக நடிகரைப் பின்தொடரவும் அதே தகவல் உதவும். மைக்ரோசாஃப்ட் 2010இல் வீடியோ கேமுக்காக வெளியிட்ட கினெக்ட் கேமரா ஆழத்தையும் அளந்ததால் சிறிய நாடகக் குழுக்கள் அதைப் பிடித்துக்கொண்டன. நான்கு மீட்டருக்கு மேல் அதை நம்ப முடியாது.

ட்ராக் செய்வது உடலை மட்டுமல்ல. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஓபராவில் ராபர்ட் லெபாஜ் 2010இல் தொடங்கிய, ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் ‘ரிங்’ ஓபராக்களுக்கு 24 பெரிய பலகைகள் சுழலும் ஓர் இயந்திரமே செட். முதல் ஓபராவில் ரைன் நதிக் கன்னியர் கம்பியில் தொங்கிக்கொண்டு பாட, அவர்களின் குரலுக்கேற்பப் பலகைகளில் நீர்க்குமிழிகள் எழுந்தன. இங்கே ட்ராக்கிங்குக்கு மைக்கும் ஒரு கண். தொடக்க இரவில் கடைசிக் கட்டத்தில் இயந்திரம் மக்கர் செய்ததால் கதையில் வரும் தேவர்கள் வானவில் பாலத்தில் ஏறிப்போக முடியவில்லை. ஆகவே மாற்று ஏற்பாடு இல்லாமல் யாரும் இதில் இறங்குவதில்லை. ட்ராக்கிங் அறுந்தால் ஒரே பொத்தானில் பதிவு செய்த வீடியோவுக்கு மாற வழி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று: சென்சார் செய்கிறது என்று நாம் நினைக்கும் பல இடங்களில், இருட்டில் உட்கார்ந்து நடிகரைப் பார்த்துக்கொண்டே பொத்தானை அழுத்தும் ஓர் ஆள் இருப்பார். கைதட்டினால் மின்னல் வர வேண்டும், அவ்வளவுதான் என்றால் அவரே போதும். கை உயர்வதைப் பார்த்தே தட்டப்போகிறார் என்று அவருக்குத் தெரிந்துவிடும். எந்தக் கேமராவையும்விட முந்திக்கொள்வார். ஒத்திகைகள் எல்லாவற்றிலும் கூடவே இருந்த ஆபரேட்டர் மிகச் சிறந்த ட்ராக்கிங் கருவி. அசைவு தொடர்ச்சியாகவும் ஒவ்வொரு நாளும் வேறாகவும் இருக்கும்போதுதான் கணினி தேவைப்படுகிறது.

வீட்டிலேயே முயல

சும்மா பார்ப்பதற்குச் சாதாரண வெப்கேம் போதும். கூகுளின் மீடியாபைப் மென்பொருள் உடலில் 33 புள்ளிகளைக் கண்டுபிடித்துத் தரும், காசு கிடையாது. உடனுக்குடன் படம் வரைய உதவும் டச்டிசைனர் மென்பொருளுக்கு வணிக நோக்கமில்லாத இலவசப் பதிப்பு உண்டு. படத்தின் அளவு 1280க்கு 1280 வரைதான், கற்றுக்கொள்ள அது தாராளம். மணிக்கட்டுப் புள்ளியை எடுத்து ஒரு வட்டத்தோடு இணைத்து, வட்டம் கையோடு வருகிறதா என்று பாருங்கள். தாமதம் என்றால் என்ன என்பது அந்த நிமிடமே புரிந்துவிடும்.

விளக்கை அணைத்தால் வெப்கேம் குருடாகிவிடும். அப்போது இன்ஃப்ராரெட்டுக்குப் போக வேண்டும். சிசிடிவி பொருள் விற்கும் கடைகளில் 850 நானோமீட்டர் இன்ஃப்ராரெட் விளக்கு கிடைக்கும். பழைய வெப்கேமின் லென்ஸுக்குப் பின்னால் இன்ஃப்ராரெட்டைத் தடுக்கும் சின்னக் கண்ணாடி இருக்கும். அதை எடுத்துவிட்டு, ஒளிபட்டு டெவலப் செய்த பழைய கலர் நெகட்டிவின் கறுத்த துண்டை இரண்டு மடிப்பாக முன்னால் ஒட்டினால் மலிவான வடிகட்டி தயார். மேடையில் பழைய ஹாலஜன் விளக்குகள் இருந்தால் மட்டும் கவனம். அவை இன்ஃப்ராரெட்டை வாரி இறைக்கும், ஒவ்வொரு முறை டிம்மரை ஏற்றும்போதும் உங்கள் ‘காலி மேடை’ மாறிவிடும். எல்இடி விளக்குகளில் இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் துணி. கண்ணுக்குக் கன்னங்கரேலென்று தெரியும் பல கறுப்புத் துணிகள் இன்ஃப்ராரெட் கேமராவில் வெளுப்பாகத் தெரியும். சில துணிகள் கறுப்பாகவே இருக்கும். சாயத்தையும் நூலையும் பொறுத்தது. பார்த்துச் சொல்ல முடியாது. வெளுத்த தரையில் வெளுத்த உடை நின்றால், கழித்தலில் நடிகரின் தலையும் கைகளும் மட்டும் மிஞ்சும். உடை தைக்கக் கொடுக்கும் முன்பே கடையில் ஒரு சாண் துணி வெட்டி வாங்கிவந்து கேமரா முன்னால் பிடித்துப் பார்த்துவிடுங்கள்.